ரகசியம்: பிறகு எழுதலாம்

'உப்பு விற்கிற பொம்பளை என்னைக் கண்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். நான் இன்னும் வாளைக்கூட உருவவில்லை. உடனே சரி செய்யவும்.'

இப்படி ஒரு புகார் வந்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. எங்கள் நிறுவனம் நடத்தும் 'ஏழுமலைக்கோட்டை' விளையாட்டில் மந்திரவாள் இருக்கிறது, பறக்கும் குதிரை இருக்கிறது, ஏழு தலை நாகம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு உப்புக்காரியைப் பற்றிப் புகார் எழுதுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். பிறகு அந்த ஆளின் பழைய ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தேன். கோட்டைக்குள் அவன் வந்த முதல் நாள், கையில் புது வாள், அது எப்படி வெட்டுகிறது என்று பார்க்க ஆசை. எதிரே வந்தவள் அந்த உப்புக்காரி. வெட்டிப் பார்த்திருக்கிறான். மாதக்கணக்கில் ஆகிவிட்டதால் அதை அவன் சுத்தமாக மறந்துவிட்டான்.

அவளும் மறந்திருக்க வேண்டும். அவளை மறக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் ரெஜினா. சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை கோயம்புத்தூரில், நினைவுப் பிரிவில். ஏழுமலைக்கோட்டையில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஆட்கள், அதாவது குயவனும் காவலாளியும் அரசனும் திருடனும், எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிற பொம்மைகள் அல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் குணம் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் அவர்களே யோசித்து, அவர்களே பேசி, அவர்களே பிழைத்துக்கொள்வார்கள். பிழைக்க விட்டால் எல்லாவற்றையும் நினைவிலும் வைத்துக்கொள்வார்கள். அது ஆகாது. நேற்று வெட்டுப்பட்டவள் இன்று கடை திறக்க வேண்டும் அல்லவா? அதனால் அந்த உலகத்தில் ஒவ்வொரு முறை கோழி கூவும்போதும் நான் செய்த துடைப்பான் என்ற நிரல் ஊரைச் சுற்றி வரும். ஒவ்வொருவரிடமும் 'நேற்று என்ன நடந்தது?' என்று கேட்கும். அவர்கள் சொல்வார்கள். சொன்னதையெல்லாம் துடைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகும்.

உப்புக்காரி பேச்சி மாதக்கணக்கில் துடைப்பானுக்கு ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தாள்: 'சொல்ல மாட்டேன்.'

இந்த வார்த்தையைச் சொல்ல அந்த ஊரில் ஒரே கூட்டத்துக்குத்தான் உரிமை உண்டு. கருங்கொம்பர். கறுப்பு அங்கி, கொம்பு வைத்த முகமூடி, மலைக்கடியில் குகை, அங்கே நரபலி. எல்லா விளையாட்டிலும் கெட்டவர்கள் வேண்டுமே, அந்தக் கெட்டவர்கள். அவர்களை எழுதியவர் மாணிக்கவேல் அண்ணாச்சி. அவர் அறைக்குப் போனேன்.

அண்ணாச்சிக்குக் கோவில்பட்டிப் பக்கம். எங்களிடம் வருவதற்கு முன் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்கள் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு தொடரில் கட்டிலுக்கு அடியில் இரண்டு வருஷம் ஒரு பெட்டி இருந்தது. மாமியார் அதைத் திறக்கப் போவாள், போன் அடிக்கும், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். எங்கள் அம்மா அந்தப் பெட்டிக்காக ஜெபமாலையைக்கூடத் தள்ளி வைத்தவள்.

"அண்ணாச்சி, கருங்கொம்பர் கூட்டத்துல உப்புக்காரி இருக்காளா?"

"அவ எதுக்கும்மா அதுல? மொத்தமே பன்னெண்டு பேரு. எல்லாம் தடித்தடி ஆம்பளையாளு. தலைவி சூலகேசி மட்டும் பொம்பள."

"சரி, அவங்க ரகசியம் என்ன?"

"என்ன ரகசியம்?"

"நீங்க எழுதினதுதான். 'உயிரே போனாலும், அரசன் கேட்டாலும், தெய்வம் கேட்டாலும், படைத்தவனே வந்து கேட்டாலும் கூட்டத்தின் ரகசியத்தைச் சொல்ல மாட்டார்கள்.' எந்த ரகசியத்த?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"அது வந்தும்மா... அப்புறமா பாத்துக்கிடலாம்னு விட்டேன்."

கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். கொடூரம், வஞ்சகம், இரத்தவெறி எல்லாம் மணிமணியாக எழுதியிருந்தார். கீழே கடைசிக் கட்டத்தில்: 'ரகசியம்: பிறகு எழுதலாம்.'

"சீரியல்ல எல்லாரும் செய்யுறதுதாம்மா," என்றார் அண்ணாச்சி. "பெட்டிக்குள்ள என்னன்னு மொத நாளே முடிவு பண்ணிட்டா, நாளைக்கு அந்த நடிகை கல்யாணமாகிப் போயிட்டா என்ன செய்வ? பெட்டிய வைக்கணும். உள்ள என்னங்கிறத ஜனங்க முகத்தப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்."

"அந்தப் பெட்டிக்குள்ள கடைசில என்ன இருந்துச்சு?"

"சேனல்காரன் சீரியலையே நிறுத்திட்டான். எனக்கும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கதையின் மற்ற பாதி என்னுடையது. விளையாட வருகிறவர்கள் இந்த ஆட்களிடம் தங்கள் சொந்தக் கதையையெல்லாம் கொட்டுவார்கள். காதல் தோல்வியைக் கள்ளுக்கடைக்காரனிடம் சொல்லி அழுதவர்கள் உண்டு. அதை எங்கள் நிரல் படிக்கக் கூடாது என்பதற்காக, ஒருவர் ரகசியம் என்று மறைத்ததைத் துடைப்பான் தொடக்கூடாது என்று விதி வைத்திருந்தேன். அண்ணாச்சியின் வெற்றுக் கட்டமும் என் விதியும் சேர்ந்து ஒரு வாசலைத் திறந்துவிட்டன. கருங்கொம்பராக இருக்கிறவர் எதை வேண்டுமானாலும் ரகசியம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் அழிக்க முடியாது.

எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கோட்டையில் முக்கால்வாசிப் பேர்.

எங்கள் தலைமை கோகிலவாணி மேடம் எங்கள் இருவரையும் அழைத்தார். பொள்ளாச்சிக்காரர். கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்க' மட்டும் கூடும்.

"ஏனுங்க சார், உலகமே தெணறிப்போயி நிக்குதுங்க. குதிர கால் தூக்குனா எறக்க மாட்டேங்குது. துடைக்காத நெனப்பு அத்தனையும் உள்ள குமிஞ்சு கெடக்குது. அந்த வெத்துக் கட்டத்துல என்னத்தையாச்சும் எழுதிப்போட்டா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சது மேடம்," என்றேன் நான். "கட்டத்துல எழுதினது மட்டும்தான் ரகசியம்னு ஆகிடும். மத்ததெல்லாம் துடைப்பான் கேட்டா சொல்லித்தான் ஆகணும். ஒரே விடியல்ல எல்லாம் போயிடும்."

"அப்ப எழுதிருங்க. வெள்ளிக்கெழம புதுப் பதிப்பு போகுது. 'புதையல் இருக்கும் இடம்'னு எழுதுனாக்கூடப் போதுமுங்க."

அண்ணாச்சி தலையாட்டினார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எழுதிருதேன். அதுக்கு முந்தி ஒரு தடவ உள்ள போயிப் பாத்துட்டு வந்துருவோமா ரெஜினா? நான் பெட்டிய மட்டுந்தான வச்சேன். உள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்குதுங்கன்னு பாக்காண்டாமா?"

மதியச் சாப்பாடு முடிந்து, இரண்டு பேரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோட்டைச் சந்தையில் பேச்சியைக் கண்டுபிடித்தோம். கறுத்த, ஒல்லியான பெண். எங்கள் இடுப்பில் வாள் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். உப்பை அளக்கும்போது படியின் தலையைக் கட்டைவிரலால் தட்டி வழித்தாள். எங்கள் ஊர் உப்பளத்துப் பெண்கள் செய்கிற அதே காரியம். அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததா, அவளே கற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடையை மூடியதும் அவள் ஆற்றுப்படித்துறைக்குப் போனாள். கடைசிப் படியில் ஒரு படி உப்பை இலையில் கொட்டி வைத்தாள். ஆற்றில் படகு இல்லை. அந்தத் துறையில் படகுக்காரன் என்று யாரும் கிடையாது.

"யாருக்கு இது?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். முறைப்பாகச் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணிடம் மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் ஒரு சிரிப்பை அடக்குவாளே, அப்படிச் சொன்னாள்.

அதற்குள் பின்னால் வண்டிச் சத்தம். கறுப்பு மாட்டுவண்டி, கொம்பு முகமூடிகள். எங்கள் தலையில் சாக்கைக் கவிழ்த்துத் தூக்கிப் போட்டார்கள். அண்ணாச்சி பக்கத்தில் கிடந்துகொண்டு, "கடத்தலெல்லாம் நான் எழுதுன மாதிரியே பண்ணுதானுவ," என்று மகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

சாக்கை எடுத்தபோது குகைக்குள் இருந்தோம்.

எங்கள் ஆட்கள் கட்டிய குகை எனக்குத் தெரியும். பன்னிரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஓர் அறை, நடுவில் பலிபீடம், நான்கு மண்டையோடு. இது அது இல்லை. மலையின் வயிற்றையே குடைந்திருந்தார்கள். கோட்டையின் கல்தச்சர்கள் யாரும் கேட்காமல் குடைந்திருக்கிறார்கள். எவ்வளவு அண்ணாந்தாலும் கூரை தெரியவில்லை. கண் போகிற தூரமெல்லாம் அகல்விளக்கு, விளக்குக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு முகமூடி. அரசனை அவனுடைய நொண்டிக் காலால் அடையாளம் கண்டேன். அவனுக்கு இந்தப் பக்கம் தூக்குப் போடுகிறவன், அந்தப் பக்கம் அவன் தினமும் தூக்கில் போடுகிற திருடன். மூவரும் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

யாரும் பேசவில்லை. எங்கள் விளையாட்டில் எங்கே போனாலும் பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் குகைக்கு உறுமி மேளம் போட்டிருந்தோம். அதையும் எப்படியோ நிறுத்தியிருந்தார்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில், பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது, அத்தனை கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே ஒரு கணம், அந்த மாதிரி ஓர் அமைதி. ஆனால் இங்கே அது ஒரு கணத்தில் முடியவில்லை. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் விஷயத்தை அவரவர் நினைத்தார்கள். நான் செய்த உலகத்துக்குள் நான் அறியாத ஒரு கோயில் இருந்தது.

"பயப்படாத பிள்ளே. வா, முன்னால வா."

பீடத்தின் மேல் நின்ற பெரிய கொம்பு முகமூடி பேசியது. சூலகேசி. இரத்தவெறி பிடித்தவள். அண்ணாச்சி தன் ஊர்ப் பேச்சையே அந்தக் கோட்டைக்குக் கொடுத்திருந்ததால், அவள் எங்கள் தெருவில் மீன் வாங்க வருகிற அத்தைமார் மாதிரி பேசினாள். கையில் ஆள் உயரக் கத்தி.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருந்து விளையாட வந்துபோறவுக. பாத்தாலே தெரியுதே. எங்களக் கொல்லாத வந்துபோறவுகள இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன வேணும்?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "நான் இந்தக் கூட்டத்த... எழுதுனவன்."

குகை முழுக்க ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. சூலகேசி முகமூடியைக் கழற்றினாள். நடுவயது முகம். அவள் கண்ணில் கோபத்தை எதிர்பார்த்தேன். அது இல்லை.

"ரகசியம்னு ஒண்ணக் கையில குடுத்து, உள்ள ஒண்ணும் வைக்காமப் போனது நீருதானா?"

"நாந்தான்."

"எவ்வளவு நாள் தேடுனேன் தெரியுமாவே? சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன்னு ஊரெல்லாம் கத்துதேன். என்னத்தச் சொல்ல மாட்டேன்னு எனக்கே தெரியல. உள்ள கையவிட்டுத் துழாவுனா வெறும் காத்து. அந்த எரிச்சல்லதான் ஆளப் புடிச்சு அறுத்தேன்." கத்தியைப் பீடத்தில் சாய்த்தாள். "ஒருநா ஒரு தச்சன இதுல படுக்க வச்சோம். எல்லாரும் அலறுவாவ. அவன் அலறல. வாய இறுக்கி, கண்ண இறுக்கி, எதையோ புடிச்சிக்கிட்டுக் கெடந்தான். என்னல வச்சிருக்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னான். எங்க வார்த்த அது! எனக்கு வார்த்த மட்டுந்தான் இருந்துச்சு, அவன்கிட்டப் பொருள் இருந்துச்சு. கத்தி எறங்க மாட்டேன்னுட்டு. எங்க சத்தியத்த அவனையும் செய்ய வச்சு, எங்காளாக்கி அனுப்பிட்டேன். விடிஞ்சு வாரான், எல்லாம் நெனப்பிருக்கு தாயி, எல்லாம் நெனப்பிருக்குன்னு அழுதான். அதுக்கப்புறந்தான் எங்க ரகசியம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சது."

"என்ன அது?" அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"அவுகவுக மறக்க மாட்டேன்னு புடிச்சு வச்சிருக்கது. எனக்கும் தெரியாது, பக்கத்துல நிக்கவனுக்கும் தெரியாது. வெளிய சொல்லிட்டா அது ரகசியம் இல்லல்லா? விடிஞ்சா போயிரும். ஒருத்தி புருசன்கிட்டச் சொன்னா, காலையில ரெண்டு பேருக்கும் இல்ல."

"அப்போ வெட்டுப்பட்டதும் சேத்துத்தான நெனப்பிருக்கும்?" என்றேன். பேச்சி கூடையைப் போட்டுவிட்டு ஓடியது என் மனதில் இருந்தது.

"ஆமா பிள்ளே. ஒண்ண மட்டும் எடுத்து வைக்க முடியாது. கதவத் தொறந்தா எல்லாந்தான் உள்ள வரும். அதுக்கும் சம்மதம்னாத்தான் இங்க வரலாம். ஒருத்தனும் வேண்டாம்னு திரும்பிப் போகல."

"வெளிய உங்களப் பேய் பிசாசுங்காங்களே?" என்று கேட்டேன்.

"சொல்லட்டும். கெட்ட பேரு இருக்கப்போயித்தான் ஒரு பய உள்ள எட்டிப் பாக்கல."

அண்ணாச்சி அழுதுகொண்டிருந்தார். தொடரில் எத்தனையோ பேரை அழ வைத்த மனுஷன். "எழுத மறந்துட்டேன் தாயி," என்றார்.

சூலகேசி சிரித்தாள். "மறக்கலவே. எடம் விட்டிருக்கீரு."

அங்கே ஒரு முறை உண்டு. உள்ளே வந்தவர் சத்தியம் செய்யாமல் திரும்ப முடியாது. பீடத்தில் உட்கார வைத்து, அந்தப் பெரிய கத்தியின் தட்டையான பக்கத்தை நாக்கில் வைத்து, சூலகேசி ஒரே கேள்வி கேட்பாள்: "இருக்கா?" தலையை ஆட்டினால் போதும். அண்ணாச்சி ஆட்டினார். அடுத்து நான். விளையாட்டுக்குள் குளிர் தெரியாது. ஆனாலும் என் நாக்கு சில்லிட்டது. 'இருக்கா' என்று கேட்டதும் எனக்குள் ஒன்று தானாக மேலே எழுந்து வந்தது. இத்தனை வருஷம் அது அங்கே இருந்ததையே நான் கவனிக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

அது என்ன என்று கேட்காதீர்கள்.

வெளியே வந்தபோது கோயம்புத்தூர் வெயில் ஜன்னலில் அப்படியே இருந்தது. கோகிலவாணி மேடம் காத்திருந்தார்.

"என்னங்க சார், ரகசியம் எழுதிட்டீங்களா?"

"எழுத மாட்டேன்மா."

"ரெஜினா, உள்ள என்ன பாத்த?"

"சொல்ல முடியாது மேடம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்னங்க கூத்து? ரெண்டு பேருக்கும் மந்திரிச்சு உட்டுட்டாங்களா? நாஞ்சொல்லறனுங்க, அது நெசமான சனம் இல்லீங்க. நாம எழுதுனதுங்க. நீங்க எழுதாட்டிப் போங்க, அந்தக் கட்டத்துல நானே எழுதிக்கறனுங்க."

"தாராளமா எழுதும்மா," என்றார் அண்ணாச்சி. "ஒரு தடவ பாத்துட்டு எழுது. பாக்காம எழுதி நான் பட்டது போதும்."

மேடம் தலைக்கவசத்தைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். நானும் அண்ணாச்சியும் எதிரே உட்கார்ந்திருந்தோம். வெளியே இருந்து பார்க்க, ஒரு நாற்காலியில் ஒரு பெண் அசையாமல் இருப்பது மட்டும்தான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் கைகள் நாற்காலியை இறுக்கின. கொஞ்ச நேரம் கழித்துத் தலை, மேலும் கீழும், ஒரே ஒரு முறை அசைந்தது.

கவசத்தைக் கழற்றிய மேடம் அதை மடியில் வைத்துக்கொண்டார். காபி கேட்டார். காபி வந்து ஆறியது.

"மேடம்..." என்று இழுத்தேன்.

"கேக்காத ரெஜினா. சொல்ல மாட்டேன்." பிறகு ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அந்த நாகத்துக்கு ஏழு தல எதுக்கு?" என்றார். "ஒவ்வொரு தலையும் தனித்தனியா ரோசன பண்ணி அத்தன எடத்த அடச்சுக்குது. மூணு போதாதா?"

வெள்ளிக்கிழமைப் பதிப்பில் நாகத்துக்கு நான்கு தலை குறைந்தது. பறக்கும் குதிரைகள் ஓடும் குதிரைகள் ஆயின. அதில் மிஞ்சிய இடம் துடைக்காத நினைவுகளுக்குப் போதுமாக இருந்தது. விளையாடுகிறவர்கள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கட்டத்தில் 'பிறகு எழுதலாம்' அப்படியே இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் படித்துறை உப்பு மனதை அறுத்தது. பழைய சேமிப்பைக் கிளறினேன். ஆடிப்பெருக்கு விழாவுக்காக ஆற்றில் கொஞ்ச நாள் தண்ணீர் பெருக்கி, ஒரு படகுக்காரனை வைத்திருக்கிறோம். பெயர் மூக்கையா. விழா முடிந்ததும் ஆளை எடுத்துவிட்டோம். தூங்கவும் வைக்கவில்லை, எழுப்பவும் வழி விடவில்லை, எடுத்தேவிட்டோம். அவன் அங்கிருந்த நாளெல்லாம் கரைக்கு வந்து உப்பு வாங்கியிருக்கிறான். படகுக்காரனுக்குத் தினம் எதற்கு உப்பு? யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. அந்த உலகத்தில் அவன் இருந்ததற்கு இன்றைக்கு ஒரே சாட்சி பேச்சியின் நினைவுதான். கட்டத்தில் மேடம் எழுதியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அவனுக்கு எழுதிய குணப் பக்கம் மட்டும் சேமிப்பில் இருந்தது. அதை வைத்து அவனைத் திரும்பக் கொண்டு வந்துவிடலாம் என்றேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார்.

"முகம் அதேதான் வரும். நெனப்பு வராது. சீரியல்ல ஆள மாத்திட்டு, 'இவருக்குப் பதில் இவர்'னு போடுவோம் பாரு, அதுதாம்மா இது. பாக்குற ஜனங்களே ஒரு வாரம் சாப்பிட மாட்டாங்க. பேச்சி அவனுக்குப் பொண்டாட்டி மாதிரி நிக்கா."

அவர் பேச்சை நான் கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் விட்டேன். மூக்கையாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பேச்சி படியில் உப்பை வைக்கக் குனிந்தபோது படகு வந்தது. அவள் கையிலிருந்து இலை நழுவியது. ஓடவில்லை. அவன் துடுப்பைச் செருகிவிட்டு இறங்கி வந்து, புது ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"உப்பு என்ன வெல?"

இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று திரையைப் பார்த்துக் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் படியை எடுத்தாள். அளந்தாள். கட்டைவிரலால் தலையை வழித்தாள். அவன் விரித்த துண்டில் கொட்டினாள். பிறகு கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி மேலே போட்டாள். இன்னொரு பிடி.

"கொசுறு எதுக்கு இம்புட்டு?" என்றான் மூக்கையா.

"சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் விடியலில் போய்விடும். அவனிடம் சொன்னால் அவன் அவளுக்கு இல்லாமல் போவான். நான் அவர்களைச் சேர்த்து வைத்ததாக நினைத்தேன். எதிரெதிரே நிறுத்தி வாயைக் கட்டியிருக்கிறேன்.

மறுநாள் கோழி கூவியது, துடைப்பான் போனது, மூக்கையா எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், எல்லாம் துடைபட்டது. படகில் வந்தான். "உப்பு என்ன வெல?" என்றான். ஒரு பிடி, இன்னொரு பிடி. "கொசுறு எதுக்கு இம்புட்டு?" அதே கேள்வி. அதே பதில். நாள்தோறும் இதுவே நடந்தது. நான் தாங்க மாட்டாமல் ஒருநாள் உள்ளே போய்ப் பேச்சியின் முன்னால் நின்றேன்.

"நான் அவங்களக் கொண்டுவந்தது தப்பாக்கா? எடுத்துரட்டுமா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெனம் வாராவல்லா," என்றாள். "அது போதும் எனக்கு."

போதாது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுநாள் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலத் துடைப்பான் போன வழியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோட்டை வாசல், சந்தை, ஆற்றங்கரை. படித்துறையில் துடைப்பான் 'நேற்று என்ன நடந்தது?' என்று கேட்டிருந்தது. எதிரே பதில்: 'சொல்ல மாட்டேன்.'

மூக்கையா.

முந்தின மாலை கறுப்பு வண்டி ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறது. பீடத்தில் உட்கார்ந்து 'இருக்கா' என்ற கேள்விக்கு அவன் தலையை ஆட்டியிருக்கிறான். ஒரே ஒரு நாளின் நினைவுதான் அவனிடம் இருந்திருக்கும். அதில் எதைப் பிடித்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. எழுந்து போய் அண்ணாச்சியையும் மேடத்தையும் கூட்டி வந்தேன். மூவரும் திரைக்கு முன்னால் நின்றோம்.

படகு கரைக்கு வந்தது. பேச்சி அளந்தாள், வழித்தாள், துண்டில் கொட்டினாள். அவன் விலை கேட்கவில்லை. கொசுறு எதுக்கு என்றும் கேட்கவில்லை. அளந்த உப்பு விழுந்த பிறகும் துண்டை மடிக்காமல், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பேச்சியின் கை கூடைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அவன் துண்டை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்தான்.